அம்பை எங்கே ஒட்டுவது?

மார்ச் 4, செவ்வாய்

இன்று வந்ததெல்லாம் காலர் கோணிய சட்டைகள். கண் எரிகிறது. தைத்து முடித்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குற்றம் இருக்கிற இடத்தில் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் கம்பெனியில் என் வேலை. ஒட்டினால் அந்தச் சட்டை தைத்தவளிடமே திரும்பிப் போகும். அதனால் தையல் லைனில் எனக்கு ‘அம்புக்காரி’ என்று பெயர். என் காதில் விழாது என்று நினைப்பு.

வீட்டுக்கு வந்தால் இவர் விசிலடித்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு துண்டை மடித்த மனுஷன் இல்லை. அடுத்த வாரம் நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன். இதயத்துக்குப் போகிற குழாயில் மூன்று அடைப்பு என்று டாக்டர் படம் போட்டே காட்டிவிட்டார். அப்படி இருக்க எதற்கு விசில்? கேட்டேன். “விசிலடிச்சாலும் குத்தமா?” என்றார். அது பதில் இல்லை. பயந்தால் பயம் என்று சொல்லலாமே. நானும்தான் பயப்படுகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

ஆஸ்பத்திரியில் பாதி நாள் போயிற்று. கிருமி பரவாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே ஒரு மேடம் இருக்கிறார். உள்ளே நுழைந்ததிலிருந்து மூன்று தடவை “கை கழுவினீங்களா?” என்று கேட்டார். கைகழுவல் மேடம் என்று பெயர் வைத்துவிட்டேன்.

இவரை உட்காரவைத்து என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் மருந்துக் கவுன்ட்டர் வரிசையில் நின்றதால் கடைசிப் பகுதி காதில் விழவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியும் அன்றைக்குக் காலையும் அவர்கள் கொடுத்த சிவப்பு சோப்புத் தண்ணீரில் குளிக்க வேண்டும். மூக்குக்குள் களிம்பு. சர்க்கரை ஏறக்கூடாது. வேறென்ன சொன்னார் என்று இவரைக் கேட்டேன்.

“அவ்வளவுதான்.”

அவ்வளவு நேரம் பேசினதுக்கு அவ்வளவுதானா?

மார்ச் 10, திங்கள்

கடையில் இவரும் நெட்டையனும் கூட்டாளிகள். நெட்டையன் இவரைவிடப் பத்து வயது சின்னவன். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். இவரிடம் தொழில் பழகி, பிறகு பங்காளி ஆனவன். என்னை அண்ணி என்பான். இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, ஒரு ரேடியோ. அதுதான் இவர்கள் சலூன்.

நாளைக்கு அட்மிஷன். சாயங்காலம் “கடையை ஒரு எட்டுப் பாத்துட்டு வரேன்” என்று போனவர் இருட்டியபின்தான் வந்தார். வந்த வேகத்தில் லோஷன் வாசனையும் படிகார வாசனையும் குப்பென்று அடித்தன. ஆனால் முகத்தில் மூன்று நாள் தாடி அப்படியே இருக்கிறது. சவரம் செய்துகொள்ளாதவர் மேல் சவர வாசனை எப்படி? “கடையில உக்காந்தா ஒட்டாதா?” என்கிறார். சட்டையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார். புழுக்கமாக இருக்கிறதே என்றால் குளிருகிறது என்கிறார்.

ஏதோ இருக்கிறது. சிகரெட்டா? வாசனையை மறைக்கத்தான் லோஷனா? இன்றைக்கு மட்டும் சிகரெட் பிடித்திருந்தால் டாக்டருக்கு முன்னால் நானே நெஞ்சைப் பிளந்திருப்பேன்.

மார்ச் 12, புதன்

அறைக்கு வெளியே எழுதுகிறேன். உள்ளே ஆபரேஷன் நடக்கிறது.

காலையில் முடி எடுக்கிற மெஷினோடு ஓர் ஆள் வந்தான். என்னை வெளியே நிற்கச் சொன்னான். நான் முந்தானையைச் சரிசெய்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டான்! இவருக்கு நெஞ்சு நிறையக் கரடிமுடி. அதற்குள் என்னத்தைக் கிழித்தான்? வேலையில் ஏய்க்கிறவர்களை எனக்குத் தெரியாதா? லைனில் தினமும் பார்க்கிற முகம்தானே அது. யாரிடமாவது சொல்லலாமா என்று எழுந்தேன். மகள் போனில் அதட்டினாள்: “அம்மா, நீ ஆஸ்பத்திரிக்குப் போனியா, செக்கிங்குக்குப் போனியா?” உட்கார்ந்துவிட்டேன்.

நெட்டையன் தூண் ஓரமாக நிற்கிறான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பின்னேரம்: நல்லபடியாக முடிந்துவிட்டதாம். பெரிய டாக்டரே வந்து சொன்னார். அழுதேன். நெட்டையன் என்னைவிட அதிகமாக அழுதான்.

மார்ச் 15, சனி

வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இனிமேல்தான் கவனம் என்றார் பெரிய டாக்டர். நடு நெஞ்செலும்பை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, வேலை முடிந்ததும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களாம். அது கூடுகிறவரைக்கும் கையை ஊன்றி எழக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும். “என்னைக் கட்டிப் பிடிச்சு இத்தனை வருஷமாச்சு, தலகாணிக்கு வந்த வாழ்வப் பாரு” என்றேன். சிரிக்கப்போய் வலியில் துடித்துவிட்டார். இனிமேல் ஜோக் அடிக்கக்கூடாது.

கட்டுப் பிரித்தபோது பார்த்தேன். கழுத்துக்குக் கீழிருந்து வயிறு ஆரம்பிக்கிறவரைக்கும் ஒரே நேர்க்கோடு. குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் கோட்டுக்கு இரண்டு பக்கமும் வேர்க்குரு மாதிரி சிவப்புப் பொட்டுகள். நெஞ்சு சாப்பாட்டுத் தட்டு மாதிரி வழவழவென்று இருக்கிறது, அதில் இந்தப் பொட்டுகள். இது என்ன என்று நர்ஸைக் கேட்டேன். அவளும் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டாள்.

எழுதின கையில் மோதிரம்! மற்ற நர்ஸுகள் எல்லோருக்கும் வெறும் விரல். இவளுக்கு மட்டும் கல் வைத்த மோதிரம். கை கழுவினால் அதன் அடியில் தண்ணீர் போகுமா? கைகழுவல் மேடத்தின் கண்ணுக்கு இது படவில்லையா?

மார்ச் 19, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. புறப்படும்போது மோதிரக்காரி சிரித்தபடி கையாட்டினாள். வெளிச்சத்தில் அந்தக் கல் மின்னியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நெட்டையன் தினமும் வருகிறான். பழம் கொண்டுவருகிறான், மருந்து வாங்கித்தருகிறான், வாசலைக்கூடப் பெருக்குகிறான். ஆனால் நான் காயத்தைத் துடைக்கிற நேரத்தில் மட்டும் எழுந்து வெளியே போய்விடுகிறான். ரத்தம் பார்த்தால் பயமாம். முப்பது வருஷமாகக் கத்தி பிடிக்கிறவனுக்கா?

நான் சமையலறைக்குப் போனதும் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். தட்டோடு வந்தால் ரேடியோவை அணைத்த மாதிரி நின்றுவிடுகிறது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

மார்ச் 25, செவ்வாய்

இருமினபோது ‘கடக்’ என்று ஒரு சத்தம். எலும்பிலிருந்து. என் காதால் கேட்டேன். அவர் இல்லை என்கிறார்.

மார்ச் 27, வியாழன்

காலையில் பனியன் ஒட்டிக்கொண்டிருந்தது. காயத்தின் அடிப்பக்கம், டீக்கறை மாதிரி ஈரம். இத்தனை நாள் காய்ந்துகொண்டு வந்த இடம். மூக்கை வைத்து முகர்ந்தேன். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. சர்க்கரை பார்த்தேன், அது எங்கோ போய் நிற்கிறது.

“கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும்” என்கிறார். ஐயா யாரு, டாக்டரா? வண்டி கூப்பிட்டாயிற்று. நெட்டையன் வந்தான். பனியனைப் பார்த்தவன் சுவரோடு சாய்ந்துவிட்டான். மூஞ்சி வெளுத்துப்போயிற்று. இவனுக்கு என்ன?

மார்ச் 28, வெள்ளி

கிருமி எலும்பு வரை போய்விட்டதாம். மேலே தையல் நன்றாகத்தான் இருந்தது, உள்ளே இருந்து கெட்டிருக்கிறது. மறுபடியும் திறந்து, கெட்டதைச் சுரண்டி எடுத்துக் கழுவி, அந்தக் குழியில் கறுப்பு ஸ்பாஞ்ச் வைத்து மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு குழாய், அதன் முனையில் சின்ன மெஷின். உள்ளே ஊறுகிறதை அது ராப்பகலாக உறிஞ்சுகிறது.

பிழைப்பாரா என்று கேட்டேன். பெரிய டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: “சீக்கிரமே கூட்டிட்டு வந்துட்டீங்க. ஆனா இது லேசான விஷயம் இல்லம்மா. கிருமி ரத்தத்துல பரவிடக்கூடாது.”

பரவினால்? கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிறது. இந்த மனுஷன் இல்லாத வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்? யார் மேல எரிஞ்சு விழுவேன்?

மார்ச் 29, சனி

யாரோ இதைச் செய்திருக்கிறார்கள். நெருப்பில்லாமல் புகையாது. நல்ல துணி தானாகக் கிழியாது. லைனில் எங்கோ ஓர் இடத்தில் யாரோ ஒருத்தர் கவனக்குறைவாக இருந்திருப்பார்கள். அது என் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மோதிரக்காரி. இல்லையென்றால் அந்த மெஷின்காரன். அவன் ஏய்த்துவிட்டுப் போன முடியில் ஏதாவது இருந்திருக்கும். இல்லையென்றால் ரெண்டு பேரும்.

மார்ச் 31, திங்கள்

புகார் கொடுத்துவிட்டேன். மோதிரத்தைப் பற்றி, மெஷின்காரனைப் பற்றி, எல்லாம். வாங்கிக்கொண்டவர் கடைசிவரை படித்தார். இவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“எதுக்கு? விடு. அந்தப் பொண்ணு பாவம்” என்றார்.

பாவமா? இவர் நெஞ்சில் குழி தோண்டியிருக்கிறது, பாவம் அவளாம்! யார் மேலும் கோபப்படாத மகானாக எப்போது ஆனார்? கடையில் ஒருத்தன் துண்டை இடம் மாற்றி வைத்தாலே குதிக்கிற ஆள். எனக்கு என்னவோ போல இருக்கிறது. அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாளே, அதில் மயங்கிவிட்டாரோ? இந்த வயதில், இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு!

ஏப்ரல் 2, புதன்

கைகழுவல் மேடம் விசாரிக்க வந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். சோப்புக் குளியல் இரண்டு தடவையும் ஆயிற்றா? களிம்பு போட்டாரா? வீட்டில் காயத்தில் பவுடர், எண்ணெய் ஏதாவது? கை ஊன்றி எழுந்தாரா? எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். அப்புறம் அவரைப் பார்த்துக் கேட்டார்: “ஆபரேஷனுக்கு முன்னாடி நெஞ்சுல பிளேடு போட்டீங்களா? வேண்டாம்னு அன்னிக்குச் சொல்லியிருந்தேனே.”

“இல்ல” என்றார் இவர்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. வார்டில் இருக்கிற எல்லோரிடமும் இதைக் கேட்பாரா, இல்லை சலூன்காரர் என்பதால் கேட்கிறாரா? தொழிலை வைத்து ஆளை எடைபோடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். “சலூன்காரன்னா எந்நேரமும் கத்தியும் கையுமாத் திரிவான்னு நினைச்சீங்களா? உங்க நர்ஸ் கையில மோதிரம் இருக்கு, அதப் பாருங்க முதல்ல” என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

எப்படிக் கேட்டேன் பாத்தீங்களா என்று இவரிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை. இமை துடித்தது எனக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

மோதிரக்காரியை வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழே ஸ்டோரில் பஞ்சும் துணியும் எண்ணிக் கொடுக்கிற வேலை. விசாரணை முடிகிறவரைக்கும் நோயாளியைத் தொடக்கூடாதாம். மெஷின்காரனையும் கூப்பிட்டு விசாரித்தார்களாம்.

எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டுமே. மத்தியானம் இவர் சோற்றைத் தொடவில்லை. நெட்டையனிடம் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த டீயை வேட்டியில் கொட்டிக்கொண்டான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றைக்கும் குசுகுசு. கதவோரம் நின்று கேட்டேன். வெட்கமாக இல்லை. “சொல்லிடலாம்ணா” என்றது நெட்டையன் குரல். “அவ தாங்க மாட்டா” என்றார் இவர்.

எதைத் தாங்க மாட்டேன்? டாக்டர் என்னிடம் சொல்லாமல் இவர்களிடம் எதையாவது சொல்லிவிட்டாரா? கிருமி ரத்தத்துக்குப் போய்விட்டதா? காய்ச்சல் இறங்கித்தானே இருக்கிறது.

கடவுளே, அது மட்டும் இருக்கக்கூடாது. வேறு எந்தக் கண்றாவியாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும்.

பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒருத்தர் வந்திருக்கிறார், இவருக்குச் செய்த அதே ஆபரேஷன். அவர் சம்சாரம் என்னை அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டது. இன்று கட்டுப் பிரித்தார்கள். திரை சரியாக மூடவில்லை, பார்த்துவிட்டேன். கோட்டுக்கு இரண்டு பக்கமும் முடி வெட்டின புல் மாதிரி கட்டையாக நிற்கிறது. “மெஷின்ல எடுத்தாங்கக்கா. எம்புட்டு நேரம்! ஒரு பாட்டு முழுசாக் கேட்டுட்டேன் வெளியில நின்னு” என்றது அந்தப் பெண்.

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

கல்யாணமானதிலிருந்து இவர் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன். மெஷினில் எடுத்தால் அடிக்கட்டை நிற்கும், கத்தி போட்டால்தான் மழமழவென்று வரும் என்று. அன்றைக்கு இவர் நெஞ்சு சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருந்ததை நான்தானே பார்த்தேன்! பார்த்து என்ன பிரயோஜனம்? மெஷின்காரன் உடனே வெளியே வந்தான். எடுப்பதற்கு உள்ளே ஒன்றுமில்லை. லோஷன், படிகாரம், கழற்றாத சட்டை, முகத்தில் தாடி. எல்லாம் என் கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது. ஊரெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிற அம்புக்காரி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நேராக சலூனுக்குப் போனேன். வாடிக்கையாளர் யாரும் இல்லை. நெட்டையன் துண்டு மடித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்திவிட்டான். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

“அண்ணி, புது பிளேடு. மருந்துத் தண்ணியில முக்கித்தான் போட்டேன்.”

“எதுக்குடா?”

“அண்ணன்தான்... எவனோ வந்து ஆட்டுக்கு வழிக்கிற மாதிரி வழிப்பான், அவன் கையில நான் படுக்க மாட்டேன், நீ போடு, தொழில்காரன் கை பட்டுட்டுப் போறேன்னாரு. கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு அவரு எங்கிட்ட சொல்லவே இல்ல அண்ணி. அப்புறம்தான் தெரியும். ஒரே ஒரு இடத்துல லேசாக் கீறிடுச்சு. படிகாரம் வெச்சேன்.”

அறையலாம் என்றுதான் போனேன். கை வரவில்லை. ஏனென்றால் அவன் கையைப் பார்த்துவிட்டேன். அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. இவரை மறுபடி அட்மிட் செய்த நாளிலிருந்து அவன் கத்தியைத் தொடவில்லையாம். மெஷின் மட்டும்தான். சவரத்துக்கு வருகிறவர்களிடம் கை சுளுக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறானாம்.

“எல்லாரு கழுத்துலயும் அண்ணன் நெஞ்சுதான் தெரியுது” என்றான்.

திட்டத்தான் செய்தேன். தெருவே கேட்கிற மாதிரி. திட்டி முடித்ததும் அவன் தண்ணீர் கொடுத்தான், குடித்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

இவரிடம் கேட்டேன்.

“சொல்லியிருந்தா அவன நீ சும்மா விட்டிருப்பியா? எனக்குக் கூடாதுன்னு தெரியும். அவனுக்குத் தெரியாது. தப்பு என்னுது. ஆனா எல்லாரும் அவன் கையைத்தானே பேசுவாங்க?”

“அதுக்காக அந்தப் பொண்ண ஸ்டோருக்கு அனுப்புனதப் பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தீங்களா?”

தலையணையை எடுத்து நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டார். இருமல் வருகிறது என்று நினைத்தேன். அழுதார். அழுதாலும் எலும்பு வலிக்குமாம். நான் பக்கத்தில் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போனேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கைகழுவல் மேடத்தின் அறை. உள்ளே போகும்போது, கேட்காமலே கை கழுவினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நெட்டையனைப் பற்றிச் சொல்லலாமா என்று வாசல்வரை யோசித்தேன். ‘வீட்டிலேயே பிளேடு போட்டுக்கொண்டார்’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். யார் என்று அவரும் கேட்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டியிருந்தது. “அப்ப அதுதானா காரணம்?”

பிளேடு எவ்வளவு புதிதாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுமாம். அதில் கிருமி உட்கார்ந்து, ஆபரேஷனுக்குள் பெருகிவிடுமாம். அதனால்தான் மெஷின், அதுவும் அன்றைக்கே. அப்புறம் இப்படிச் சொன்னார்: “அது காரணமா இருக்கலாம். சர்க்கரையும் ஏறியிருந்தது. மோதிரம் போட்டது தப்புதான். முடி இல்லைன்னதும் எங்க ஆளு ஏன்னு கேட்டிருக்கணும். அவர் யாரோ எடுத்துட்டாங்கன்னு நினைச்சுட்டார். இதுல எதுன்னு என்னால சுட்டிச் சொல்ல முடியாதும்மா. எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் சிலருக்கு வருது.”

இதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் பர்ஸில் எப்போதும் ஓர் அட்டை ஸ்டிக்கர் கிடக்கும். அம்பை எங்கே ஒட்டுவது? ஒரு சட்டையில் இத்தனை இடமா?

அந்த நர்ஸைப் பற்றிக் கேட்டேன். புகாரில் நான் சொன்ன மோதிரம் உண்மை, மற்றதெல்லாம் என் ஊகம் என்று சொன்னேன். இவர் நெஞ்சிலிருந்த சிவப்புப் பொட்டுகளை அவள் அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறாள். வார்டில் அதைக் கவனித்து எழுதினது அவள் ஒருத்திதானாம்.

எழுந்து கதவுவரை வந்துவிட்டேன். மேடம் சொன்னார், கோபமே இல்லாமல்: “அன்னிக்கு நீங்க அப்படிச் சத்தம் போடாம இருந்திருந்தா, நான் இன்னொரு தடவை கேட்டிருப்பேன்.”

ஓர் அம்பு ஒட்ட இடம் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

சோதனையில் கிருமி இல்லை. வியாழக்கிழமை மூடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பெரிய டாக்டர் அதைச் சொல்லும்போது ஏன் ஜன்னலைப் பார்த்தார்?

ஏப்ரல் 17, வியாழன்

மார்புச் சதையை இழுத்து, குழியை மூடித் தைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பெரிய டாக்டர் பார்த்தது மழை வருகிறதா என்றுதானாம், கார்க் கண்ணாடியைத் திறந்துவைத்துவிட்டு வந்தாராம். நானே கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

மோதிரக்காரி வார்டுக்குத் திரும்பிவிட்டாள். கட்டு மாற்ற அவள்தான் வந்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வெறும் விரல், அடியில் வெளுத்த வளையம்.

“செக் பண்ணிக்கோங்கம்மா” என்றாள்.

குத்தலா, விளையாட்டா? இன்னும் தெரியவில்லை. “உன்னைத் தப்பா நினைச்சுட்டேம்மா” என்றேன். “மோதிரம் தப்புதாம்மா. அது எனக்கே தெரியும். ஆனா ஸ்டோர்ல உக்காந்து பஞ்சு எண்ணினப்ப, உங்க மேல வந்த கோபம் இருக்கே...” என்று நிறுத்திவிட்டுக் கட்டைப் பிரித்தாள். மெதுவாகத்தான் பிரித்தாள். இவர் முகம் சுளிக்கவே இல்லை.

மே 3, சனி

வீடு. ஊசி மருந்து நிற்க இன்னும் நாளாகும்.

மே 13, செவ்வாய்

தினமும் விடிந்ததும் டார்ச் அடித்துக் காயத்தைப் பார்க்கிறேன். சிவப்பு இல்லை, ஈரம் இல்லை, ‘கடக்’ இல்லை. கோட்டுக்கு இரண்டு பக்கமும் முடி முளைக்கிறது. “போதும், நான் என்ன ஏற்றுமதிச் சட்டையா?” என்கிறார். சட்டையாக இருந்தால் தைத்தவளிடமே திருப்பி அனுப்பியிருப்பேன். இதைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஆள் இல்லை.

நெட்டையன் வருகிறான். இப்போது காயத்தைப் பார்க்கிறான். கத்தியைத்தான் தொடமாட்டேன் என்கிறான். சவரத்துக்கு வருகிறவர்கள் வேறு கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்களாம். இவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். “அவன் கை போயிட்டா, எனக்கு நெஞ்சு கூடி என்ன?” என்றார் ராத்திரி.

ஜூன் 1, ஞாயிறு

டாக்டர் கடைக்குப் போய் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். உட்கார மட்டும். நான் கூட்டிக்கொண்டு போனேன். ஆபரேஷனுக்கு முன்னாலிருந்தே மழிக்காத தாடி, சாமியார் மாதிரி. இத்தனை நாள் நான் மெஷினால் ஒட்ட வெட்டிவிடட்டுமா என்று கேட்டும் சம்மதிக்கவில்லை. ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

நேராகப் போய் நெட்டையனின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். “போடு” என்றார்.

நெட்டையன் என்னைப் பார்த்தான். இவரும் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்தார். என்ன சொல்வது? நான் போய் அலமாரியிலிருந்து கத்தியை எடுத்து, துண்டின் மேல் வைத்தேன். “கை கழுவிட்டுப் போடு” என்றேன்.

கழுவினான். நுரை பூசினான். கை நடுங்கியது. முதல் இழுப்பு கன்னத்தில். நின்றான், மூச்சு விட்டான், இரண்டாவது இழுப்பு. பிறகு அவ்வளவாக நடுங்கவில்லை. பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாகப் பார்த்தே பழகின கண்.

தாடையை முடித்துவிட்டு, இவர் முகத்தை மெதுவாக மேலே நிமிர்த்தினான். கத்தி கழுத்துக்கு வந்தது.

நான் எழுந்து, மூன்று பேருக்கும் டீ சொல்ல வெளியே போனேன்.